லெகோ தந்த தச்சர் ஓலே கிர்க்

நம் குடியிருப்பில் பேரன் பேத்தி இருக்கும் வீடுகளில் இரவு விளக்கைப் போடாமல் ஹாலைக் கடந்து போகிறவர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. காலில் நறுக்கென்று ஏதோ குத்தும். குனிந்து எடுத்துப் பார்த்தால் சிவப்பிலோ மஞ்சளிலோ சின்ன பிளாஸ்டிக் கட்டை ஒன்று, மேலே எட்டு குமிழ்களோடு இருக்கும். அதை நீங்கள் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவீர்கள். அந்தக் கட்டைக்குப் பின்னால் ஒரு தச்சர் இருக்கிறார். கடனும் நஷ்டமும், இரண்டு பெரிய தீ விபத்துகளும், தாயில்லாத நான்கு பையன்களுமாக அவர் நடத்திய குடித்தனத்தைப் பற்றி இந்த இதழில் உங்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

அவர் பெயர் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன். டென்மார்க் நாட்டில் ஜட்லாண்ட் என்ற பகுதியில், ஃபில்ஸ்கோவ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1891 ஏப்ரல் 7 அன்று பிறந்தார். ஏழை விவசாயக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். பதினான்கு வயதில் அண்ணன் ஒருவரிடமே தச்சு வேலை கற்கச் சேர்ந்தார். தொழில் கைக்கு வந்ததும் ஜெர்மனி, நார்வே என்று வெளிநாடு போய்ச் சில வருஷம் உழைத்தார். நார்வேயில்தான் கிர்ஸ்டின் என்ற பெண்ணைச் சந்தித்தார். சேர்த்த பணத்தோடு ஊர் திரும்பி, 1916-ல் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு தச்சுப் பட்டறையை விலைக்கு வாங்கினார். அதே வருஷம் கல்யாணம். கையிருப்பு போதவில்லை, மீதிக்கு வங்கிக் கடன். இந்தக் கடன் என்ற சொல் இனி இந்தக் கதையில் அடிக்கடி வரும்.

பில்லுண்ட் அப்போது பெரிய ஊர் இல்லை. மணற்பாங்கான நிலம், குளிர்காற்று, சுற்றிலும் பண்ணைகள், ஒரு சிறிய ரயில் நிலையம், அவ்வளவுதான். விவசாயிகளுக்கு வீடு, கதவு, ஜன்னல், மாட்டுக் கொட்டகை செய்து தருவதுதான் ஓலேவின் வேலை. வேலை சுத்தமாக இருக்கும் என்று பெயர் வாங்கினார். கோடையில் கட்டட வேலை கிடைக்கும். குளிர்காலத்தில் பட்டறைக்குள் மேஜை, நாற்காலி செய்வார். அடுத்தடுத்து யொஹானஸ், கார்ல் கியோர்க், காட்ஃபிரெட், கெர்ஹார்ட் என்று நான்கு பையன்கள் பிறந்தார்கள். பக்தியான மனிதர். கிறிஸ்தவத்தில் கட்டுப்பாடான ஒரு பிரிவைச் சேர்ந்தவர். ஆனாலும் கலகலப்பானவர், குறும்பும் உண்டு என்றுதான் அவரை அறிந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் தீ 1924-ல். வைத்தது வேறு யாருமில்லை, வீட்டுப் பிள்ளைகள்தான். கார்ல் கியோர்க்கும் காட்ஃபிரெட்டும் பட்டறையில் விளையாடப் போனார்கள். இருவருக்கும் ஐந்து, நான்கு வயதுதான். குளிருக்கு இதமாக, வஜ்ஜிரம் காய்ச்சும் அடுப்பைப் பற்றவைக்கப் பார்த்தார்கள். பக்கத்தில் கிடந்த மரச்சீவல் பிடித்துக்கொண்டது. பட்டறையும் அதை ஒட்டியிருந்த வீடும் எரிந்துபோயின. குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்படி ஒரு நஷ்டத்துக்குப் பிறகு நீங்களும் நானும் என்ன செய்வோம்? முன்பிருந்ததைவிடச் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவோம். ஓலே ஒரு கட்டடக் கலைஞரை வைத்து முன்பைவிடப் பெரியதாகக் கட்டினார். அந்தக் கட்டடம் பில்லுண்டில் இன்றும் நிற்கிறது. தாங்குகிற அளவுக்கு மேல் கடன் வாங்குவது அவருடைய வழக்கம். இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. கடன் பேரேடுகளோடு பல வருஷம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இப்படிப்பட்ட வாடிக்கையாளர் விண்ணப்பத்தோடு வந்தால் எந்தக் கிளையிலும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

யோசித்திருக்க வேண்டிய காலமும் சீக்கிரமே வந்தது. 1929-ல் அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்ததும் உலகம் முழுக்க மந்தம். டென்மார்க் விவசாயிகள் பன்றி இறைச்சியும் வெண்ணெயும் வெளிநாட்டுக்கு விற்றுப் பிழைப்பவர்கள். விலை விழுந்தது. விவசாயி கையில் காசில்லை என்றால் தச்சருக்கு வேலை இல்லை. யார் புது வீடு கட்டுவார்கள்? ஒவ்வொருவராக ஆட்களை நிறுத்தி, கடைசியில் இருந்த ஒரு கூலித் தச்சரையும் அனுப்பிவிட்டார் ஓலே.

அந்த நிலையில், 1932-ல், கிர்ஸ்டின் இறந்துபோனார். மூத்தவனுக்குப் பதினைந்து வயது, கடைசிப் பையனுக்கு ஆறு. ஓலேவுக்கு நாற்பத்தொன்று. அடுக்களையில் ஆள் இல்லை, பட்டறையில் வேலை இல்லை, வங்கியில் பாக்கி நிற்கிறது. அந்த ஒரு வருஷத்தை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் புரியும்.

பெரிய வேலை கிடைக்காது என்று தெரிந்ததும் கிராமத்தில் யாருக்கும் தேவைப்படும் சின்னச் சாமான்களைச் செய்ய ஆரம்பித்தார். மடக்கு ஏணி, இஸ்திரி போடும் பலகை, பால் கறக்க உட்காரும் முக்காலி. மிச்சம் விழும் மரத்துண்டுகளில் கார், லாரி, மிருகங்கள் என்று பொம்மைகள். அந்தக் கோடையில் பட்டறைக்கு வந்த மர மொத்த வியாபாரி ஒருவருக்குப் பொம்மைகள் பிடித்துப்போய், கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஆர்டர் கொடுத்தார். ஓலே சந்தோஷமாகச் செய்து முடித்தார். சரக்கு தயாரானபோது வியாபாரி திவால்.

இந்த இடத்தில் ஓலே செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். சரக்கை எடுத்துக்கொண்டு தானே விற்கக் கிளம்பிவிட்டார், ஊர் ஊராக, கடை கடையாக. அவருக்கு விற்கத் தெரியாது, செய்யத்தான் தெரியும். வாங்குகிறவர்களிடமும் பணம் இல்லை. சில விவசாயிகள் பொம்மைக்குப் பதிலாக உணவுப் பொருள் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டார். வீட்டில் நான்கு பையன்கள் சாப்பிட வேண்டுமே.

பொம்மை செய்வதே தொழில் என்று அவர் முடிவு கட்டியபோது உறவினர்கள் ஒப்பவில்லை. 3,000 குரோனர் கடனுக்கு ஜாமீன் கேட்டு உடன்பிறந்தவர்களிடம் போனார். ஜாமீன் போட்டார்கள். கூடவே, இதைவிட உருப்படியாக வேறு ஏதாவது செய்யக் கூடாதா என்றும் கேட்டார்கள். அவர்கள் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடு சாப்பாட்டுக்கே திண்டாடும்போது, மனைவியை இழந்த தம்பி மர வாத்து செய்து விற்கப் போகிறேன் என்றால் நீங்கள் என்ன கேட்டிருப்பீர்கள்? இருந்தும் கையெழுத்துப் போட்டார்களே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஜாமீன் கையெழுத்து என்பது என்ன என்று போட்டு அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயம் யோ-யோ என்ற விளையாட்டுச் சாமான் திடீரென்று பிரபலமானது. நூலில் கட்டி மேலும் கீழும் ஆட்டுவோமே, அதுதான். செய்து கொடுத்து மாளவில்லை. ஓலே மரம் வாங்கிக் குவித்து யோ-யோவாகக் கடைந்து தள்ளினார். மோகம் எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது. பட்டறை நிறைய விற்காத யோ-யோ. கடைசியில் ஒவ்வொன்றையும் இரண்டாக அறுத்துப் பொம்மை லாரிகளுக்குச் சக்கரமாக்கிவிட்டார். தேங்கிய சரக்கை இதைவிட நன்றாகக் கழித்த ஒரு வியாபாரியை நான் பார்த்ததில்லை.

வீடும் மெல்ல ஒழுங்குக்கு வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த சோஃபி என்ற பெண்ணை 1934-ல் மணந்தார். அடுத்த வருஷம் உல்லா என்ற மகள் பிறந்தாள். காட்ஃபிரெட் பள்ளிக்கூடம் போன நேரம் போகப் பட்டறையில் அப்பாவுக்கு உதவினான். 1930-களின் நடுவில் தொழிலுக்கு ஒரு பெயர் தேடினார்கள். நல்ல பெயர் சொல்பவருக்கு வீட்டில் செய்த ஒயின் ஒரு பாட்டில் பரிசு என்று பணியாளர்களிடம் ஓலே அறிவித்தார். கடைசியில் அவர் யோசித்த பெயரே நின்றது. டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து லெகோ.

இப்போது வாத்துக் கதை. இழுத்துக்கொண்டு போனால் அலகைத் திறந்து மூடும் மர வாத்து ஒன்றை அந்தப் பட்டறையில் செய்தார்கள். அதற்கான பீச் மரத்தை இரண்டு வருஷம்வரை காற்றில் உலர்த்தி, பிறகு சூளையில் மூன்று வாரம் வைப்பார்கள். இழைத்து, தேய்த்து, மூன்று கோட் வார்னிஷ். ஒருநாள் காட்ஃபிரெட் வாத்துகளைப் பெட்டியில் போட்டு ரயில் நிலையத்தில் சேர்த்துவிட்டு வந்து, அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான். இந்தத் தடவை மூன்று கோட்டுக்குப் பதில் இரண்டு கோட்தான் அடித்தேன், செலவு மிச்சம் என்று. பையன் சொன்னதில் கணக்கு சரிதான். வீட்டில் அப்போதும் பணக்கஷ்டம். வாங்குகிறவருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஓலே அவனைத் திட்டவில்லை, அடிக்கவுமில்லை. உடனே நிலையத்துக்குத் திரும்பிப் போய்ப் பெட்டிகளை இறக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வாத்துக்கும் மூன்றாவது கோட் அடித்து, மறுபடியும் கட்டி அனுப்ப வேண்டும் என்றார். துணைக்கு யாரும் கிடையாது, இரவு முழுக்க ஆனாலும் சரி. அவன் செய்தான். பிற்காலத்தில் நிறுவனத்துக்குத் தலைவரான பிறகும் இந்தக் கதையை அவரே பலரிடம் சொன்னார். மிகச் சிறந்ததும்கூட அளவுக்கு மீறிய நல்லதல்ல என்ற பொருளில் ஒரு பலகையை அவரே செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார்.

வங்கியில் வேலை பார்த்தவர்களுக்கு இது வேறு விதமாகப் புரியும். சாயங்காலம் கேஷ் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் வீட்டுக்குப் போக முடியாது. சொந்தப் பையிலிருந்து ஒரு ரூபாய் போட்டுவிட்டால் ஐந்து நிமிடத்தில் முடியும். போட விடமாட்டார்கள், எங்கே தவறியது என்று தேடத்தான் வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு அது முட்டாள்தனமாகத் தோன்றியது. ஓலேவைப் பற்றிப் படித்தபோது அந்த ராத்திரிகள்தான் ஞாபகம் வந்தன. ஒரு சின்ன வித்தியாசம், என் மேலதிகாரி என் அப்பா இல்லை.

இரண்டாவது பெரிய தீ 1942-ல், ஜெர்மன் படைகள் டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த காலத்தில். மார்ச் மாதம் ஓர் இரவு தொழிற்கூடம் எரிந்தது. இயந்திரங்கள், சரக்கு, பொம்மைகளின் மாதிரிகள், வரைபடங்கள் எல்லாம் சாம்பல். இன்ஷூரன்ஸ் இருந்தது, ஆனால் நஷ்டம் முழுவதையும் ஈடுகட்டவில்லை. ஐம்பதைத் தாண்டிய மனிதர். இத்தோடு போதும் என்று அவருக்கும் தோன்றியது. பட்டறையை நம்பிப் பிழைத்த ஊர்க்காரர்களை நினைத்து மறுபடியும் கடன் வாங்கிக் கட்டினார். யுத்தத்தில் வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றிருந்ததால் உள்ளூர்ப் பொம்மைகளுக்குக் கிராக்கி கூடியிருந்தது. அடுத்த வருஷமே நாற்பது பேர் வேலை பார்க்கும் அளவுக்கு வந்துவிட்டது.

யுத்தம் முடிந்தது. 1946-ல் ஓலே பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் பிரிட்டிஷ் இயந்திரம் ஒன்றைப் பார்த்து மயங்கிவிட்டார். விலை 30,000 குரோனர். ஒரு காலத்தில் உடன்பிறந்தவர்கள் தயங்கித் தயங்கி ஜாமீன் போட்ட தொகையைப்போல் பத்து மடங்கு. மரம் தவிர வேறெதையும் தொட்டறியாத தச்சர், டென்மார்க்கில் அநேகமாக யாரிடமும் இல்லாத ஓர் இயந்திரத்துக்கு அவ்வளவு பணம் போடுகிறார். வீட்டில் பையன்களுக்கு உதறல். மூலப்பொருளுக்கு அப்போது கட்டுப்பாடு இருந்ததால் முதலில் இயந்திரத்துக்குப் போதிய வேலைகூடக் கொடுக்க முடியவில்லை.

ஓலே கையில் ஒரு மாதிரிக் கட்டை வந்து சேர்ந்திருந்தது. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிடிகிராஃப்ட் என்ற தன் நிறுவனத்தில் செய்த, ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் பிளாஸ்டிக் கட்டை அது. அதைப் பார்த்துத்தான், அளவைக் கொஞ்சம் மாற்றி, 1949-ல் லெகோவின் முதல் கட்டைகள் வந்தன. லெகோ புராணம் பாடும் பலர் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். கணக்குப் புத்தகத்தில் இந்தப் பதிவையும் காட்டத்தான் வேண்டும். பேஜ் 1957-ல் இறந்துபோனார். அந்தப் பழைய உரிமைகளை லெகோ நிறுவனம் 1981-ல்தான் விலைக்கு வாங்கிக்கொண்டது. மூன்றாவது கோட் வார்னிஷுக்காகப் பையனை நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிய மனிதருக்கு இது எப்படி மனசுக்குச் சரிப்பட்டது என்று எனக்குக் கேள்வி உண்டு. அந்தக் காலத்தில் ஒரு நாட்டுப் பொம்மையைப் பார்த்து இன்னொரு நாட்டில் செய்வது சகஜம் என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது முழுச் சமாதானம் ஆகவில்லை.

அந்தக் கட்டைகள் ஆரம்பத்தில் விற்கவும் இல்லை. ஒன்றோடொன்று இறுக்கமாகப் பிடிக்காது. கட்டிய வீட்டைக் கொஞ்சம் அசைத்தால் பிரிந்துவிடும். கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பினார்கள். பெற்றோர்களுக்கு மரப் பொம்மைமேல்தான் நம்பிக்கை. இதற்கிடையில் 1951-ல் ஓலேவுக்கு மூளையில் ரத்தக் கசிவு ஏற்பட்டது. உயிர் பிழைத்தார், பழைய தெம்பு திரும்பவில்லை. முந்தைய வருஷமே, முப்பது வயது நிறைந்த காட்ஃபிரெட்டிடம் நிர்வாகப் பொறுப்பு வந்திருந்தது.

அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டையும் நடந்தது. புதிதாகப் பெரிய தொழிற்கூடம் கட்ட வேண்டும் என்றார் அப்பா. கையில் பணமே இல்லை, கட்டாதே என்றார் மகன். அப்பா கேட்கவில்லை, கட்டிவிட்டார். கடனை அடைக்க ஓடியது மகன். சொந்தத் தொழில் நடத்தும் குடும்பங்கள் நம் பிளாக்குகளிலும் இருக்கின்றன, அவர்களுக்கு இது புதிதாக இருக்காது. எனக்கு இதில் ஒரு வேடிக்கை தெரிகிறது. சிறுவயதில் வார்னிஷ் மிச்சம் பிடித்த அதே பையன்தான் இப்போதும் செலவைக் குறைக்கச் சொல்கிறார். அப்பாவும் மாறவில்லை, அதே அப்பாதான். ஆனால் இருவரும் ஒரே வீட்டில், ஒரே தொழிலில்தான் இருந்தார்கள்.

1954-ல் காட்ஃபிரெட் இங்கிலாந்து போய்க் கப்பலில் திரும்பும்போது ஒரு பெரிய கடையின் கொள்முதல் அதிகாரியோடு பேச நேர்ந்தது. பொம்மைத் தொழிலில் ஒன்றுக்கொன்று தொடர்பாக ஒரு திட்டமே இல்லை என்று அவர் குறைப்பட்டார். வாங்க வாங்க ஒன்றோடொன்று சேரும் பொம்மை எது என்று மகன் யோசித்தார். விற்காமல் கிடந்த கட்டைகள்தான் அதற்கு ஏற்றவை என்று பட்டது. 1955-ல் அவற்றை ஒரு முழு விளையாட்டு வரிசையாகக் கடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். இறுகப் பிடிக்காத குறை மட்டும் பாக்கி. கட்டையின் அடியில் உள்ளே குழாய்கள் வைத்தால் மேல் குமிழ்களைக் கவ்விக்கொள்ளும் என்று கண்டுபிடித்து, 1958 ஜனவரி 28 அன்று கோபன்ஹேகனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். வீட்டில் கட்டை இருந்தால் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள், அந்தக் குழாய்கள் தெரியும்.

ஓலே அந்த வருஷம் மார்ச் 11 அன்று காலமானார், அறுபத்தாறு வயது. விண்ணப்பம் கொடுத்து ஆறு வாரம் ஆகியிருந்தது. உலகம் முழுக்கப் போன லெகோவை அவர் பார்க்கவில்லை. பில்லுண்டில் விமான நிலையம் வந்ததும், 1968-ல் லெகோலாண்ட் வந்ததும் அவருக்குப் பிறகுதான்.

1960-ல் இன்னொரு தீ. இந்த முறை எரிந்தது மரப் பொம்மைப் பிரிவு. மரத்தை இத்தோடு விட்டுவிடலாம் என்று காட்ஃபிரெட் முடிவெடுத்தார். அப்பாவின் தொழிலை விட ஒப்பாமல் கார்ல் கியோர்க்கும் கெர்ஹார்ட்டும் தங்கள் பங்கை விற்றுவிட்டு வெளியேறினார்கள். 1924-ல் அடுப்பைப் பற்றவைத்த அந்த இரண்டு சிறுவர்களும் பிரிந்தது இப்படித்தான்.

1958-ல் வார்த்த கட்டை உங்கள் பேத்தியின் புதுக் கட்டையோடு இன்றும் பொருந்தும். மர வாத்து பில்லுண்டில் நிறுவனத்தின் பழம்பொருள் சேகரிப்பில் இருக்கிறது.